குவேக்கர் முன்னோரைத் தேடுவது எப்படி: கூட்டப் பதிவேடு, நிலப் பத்திரம், கல்லறை

என் மருமகள் பென்சில்வேனியாக்காரி. பேத்தி பிறந்ததும், அவள் அம்மா வழி முன்னோர் யார், எங்கிருந்து வந்தார்கள் என்று தேடும் வேலை, ஓய்வு பெற்று வீட்டில் சும்மா இருந்த என் தலையில் வந்து விழுந்தது. சம்பந்தியம்மா ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தார். உள்ளே பழுத்துப்போன தாள் ஒன்றில் ஒரு கல்யாணத் தேதி: 7ஆம் மாதம், 9ஆம் நாள், 1728. ஜூலை 9 என்று நோட்டில் குறித்துக்கொண்டு நான்கு மாதம் தேடினேன். அந்தக் கல்யாணம் நடந்ததோ செப்டம்பரில்.

அந்த நான்கு மாதம் உங்களுக்கும் வீணாகாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன். சம்பந்தி வீட்டுப் பெயர்களை இங்கே இழுக்கப் போவதில்லை. எல்லாருக்கும் தெரிந்த ஒரு குடும்பத்தையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்: அமெரிக்காவின் எல்லைப்புற நாயகன் டேனியல் பூனின் பெற்றோர், ஸ்குவயர் பூன், சாரா மார்கன். (ஸ்குவயர் என்பது பட்டம் இல்லை, அப்பா அம்மா வைத்த பெயர்.)

முதலில் கூட்டத்தைக் கண்டுபிடியுங்கள்

குவேக்கர் என்பது பிறர் வைத்த கேலிப் பெயர். அவர்கள் தங்களை 'நண்பர்கள்' என்றே சொல்லிக்கொள்வார்கள். 1650களில் இங்கிலாந்தில் ஜார்ஜ் ஃபாக்ஸ் தொடங்கிவைத்த சபை. பாதிரியார் கிடையாது, ஞானஸ்நானம் கிடையாது. ஆகவே மற்ற கிறிஸ்தவக் குடும்பங்களைத் தேடுவதுபோல ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினால் கையில் ஒன்றும் அகப்படாது.

அதற்குப் பதிலாக அவர்களிடம் இருந்தது கூட்டம். ஞாயிறு வழிபாட்டுக்குக் கூடும் சிறு கூட்டங்கள் சில சேர்ந்தது ஒரு மாதக் கூட்டம். அவை சில சேர்ந்தால் காலாண்டுக் கூட்டம். எல்லாவற்றுக்கும் மேலே ஆண்டுக் கூட்டம். நமக்கு வேண்டியது மாதக் கூட்டம். பிறப்பு, இறப்பு, கல்யாணம், ஊர் மாறிப் போனவர், ஒதுக்கி வைக்கப்பட்டவர் எல்லாம் எழுதப்பட்டது அங்கேதான். ஒவ்வொரு மாதமும் ஓர் எழுத்தர் உட்கார்ந்து நடவடிக்கைக் குறிப்பு எழுதினார். நூறு வருடம், இருநூறு வருடம் விடாமல் எழுதினார்கள்.

எனவே பெயரைத் தேடுபொறியில் போட்டு அடிப்பது இரண்டாவது வேலை. முதல் வேலை, உங்கள் ஆள் அந்த வருடத்தில் எந்த மாதக் கூட்டத்துக்கு உட்பட்டிருந்தார் என்று கண்டுபிடிப்பது. பூன் குடும்பம் வாழ்ந்த இடத்தில் இன்று இருப்பது எக்ஸிட்டர் கூட்டம். ஆனால் 1720இல் அங்கே மாதக் கூட்டமே கிடையாது. அந்தப் பகுதி நண்பர்கள் தூரத்திலிருந்த குவினெட் மாதக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள். 1737இல்தான் ஓலி என்ற பெயரில் தனி மாதக் கூட்டம் பிரிந்தது. பின்பு அதுவே எக்ஸிட்டர் என்று பெயர் மாறியது. ஒரே குடும்பம், இடம் மாறாமலேயே மூன்று பெயர்களின் கீழ் வருகிறது. இது தெரியாமல் 'எக்ஸிட்டர், 1725' என்று தேடினால் வெறும் கைதான்.

ஒரு தாளில் வருடங்களை இடது பக்கமும் கூட்டத்தின் பெயரை வலது பக்கமும் எழுதி ஒரு சிறு அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். எந்தக் கூட்டம் எதிலிருந்து எப்போது பிரிந்தது என்ற பட்டியல் ஸ்வார்த்மோர் கல்லூரியின் நண்பர்கள் வரலாற்று நூலகத்தில் உண்டு. இதற்கு ஒரு மாலைப்பொழுது செலவழித்தால் பிறகு பல வாரம் மிச்சம்.

தேதிதான் பெரிய பள்ளம்

கிழமைகளும் பல மாதங்களும் பழைய தெய்வங்களின் பெயரைத் தாங்கி நிற்கின்றன என்று நண்பர்கள் அவற்றை உச்சரிக்க மறுத்தார்கள். ஞாயிறு அவர்களுக்கு முதல் நாள். மாதத்துக்கும் எண் மட்டுமே. சரி, அதில் என்ன சிக்கல்? 1752க்கு முன்பு இங்கிலாந்திலும் அதன் குடியேற்றங்களிலும் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25 அன்று. முதல் மாதம் என்றால் மார்ச். ஏழாம் மாதம் செப்டம்பர்.

1751 வரையிலான தேதிகளுக்கு எளிய வழி, மாத எண்ணோடு இரண்டைக் கூட்டுவது. 7 என்றால் 9, செப்டம்பர். 10 என்றால் 12, டிசம்பர். 11ஆம் மாதம் 13 ஆகிவிடும். அது ஜனவரி, ஆனால் நம் கணக்கில் அடுத்த வருடத்து ஜனவரி. '11ஆம் மாதம் 1727' என்று இருந்தால் நமக்கு அது ஜனவரி 1728. இதனால்தான் பழைய ஆவணங்களில் 1727/8 என்று சாய்கோடு போட்டு எழுதியிருப்பார்கள். 1752 ஜனவரி முதல் இந்தத் தலைவலி இல்லை, முதல் மாதம் ஜனவரியே. அந்த வருடம் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது, 11 நாள் காலண்டரிலிருந்து காணாமல் போனது.

இப்போது பூன் வீட்டுக்கு வருவோம். ஸ்குவயருக்கும் சாராவுக்கும் குவினெட்டில் கல்யாணம் நடந்தது 1720, 7ஆம் மாதம் 23. அதாவது செப்டம்பர் 23. இதை ஜூலை 23 என்று போட்டிருக்கும் குடும்ப மரங்களை இன்றும் பார்க்கலாம். நான் மட்டும் ஏமாளி இல்லை என்று ஓர் ஆறுதல். மகன் டேனியல் பிறந்தது பழைய கணக்கில் 1734 அக்டோபர் 22. 11 நாளைக் கூட்டி நவம்பர் 2 என்று கொண்டாடுகிறவர்களும் உண்டு. இரண்டும் ஒரே நாள்தான்.

ஒரு வழக்கத்தைக் கைக்கொள்ளுங்கள். பதிவேட்டில் இருப்பதை இருப்பதுபோலவே முதலில் எழுதுங்கள், மாற்றிய தேதியைப் பக்கத்தில் தனியாக எழுதுங்கள். 11 நாளை நீங்களாகக் கூட்ட வேண்டாம். ஏற்கெனவே யாராவது கூட்டியிருந்தால் 22 நாள் தள்ளிப் போய்விடும். இணையத் தரவுத்தளங்களின் சொல்லடைவை அப்படியே நம்பவும் வேண்டாம். முதல் மாதம் என்று கண்டதும் ஜனவரி என்று போட்டுவிட்ட பதிவுகளை நான் வரிசையாகப் பார்த்திருக்கிறேன். சொல்லடைவு பக்கத்துக்கு வழிகாட்ட மட்டுமே. தேதியை மூலப் பக்கத்தின் படத்தில் பாருங்கள்.

பதிவேடுகளை எங்கே பார்ப்பது

அமெரிக்கக் கூட்டங்களின் பதிவேடுகள், 1681 முதல் 1935 வரையிலானவை, பெருமளவு ஆன்செஸ்ட்ரி என்ற முன்னோர் தேடல் இணையதளத்தில் படமாக உள்ளன. அதற்குக் கட்டணம் உண்டு. பொது நூலகங்கள் பலவற்றில் இலவசமாகப் பார்க்கலாம். அதுபோன்ற இன்னொரு தளமான ஃபேமிலிசெர்ச் இலவசம். மூலங்களைப் பொறுத்தவரை, ஃபிலடெல்ஃபியா சுற்றுவட்டாரத்துக்கு ஸ்வார்த்மோர், ஹேவர்ஃபோர்ட் கல்லூரிகள்; வட கரோலினாவுக்கு கில்ஃபோர்ட் கல்லூரி; இண்டியானாவுக்கு எர்ல்ஹம் கல்லூரி. கடல் தாண்டி இங்கிலாந்துக்குப் போகவேண்டி வந்தால், அங்கே 1840க்குப் பிறகு சபை தன் பிறப்பு, இறப்பு, மணப் பதிவேடுகளை அரசிடம் ஒப்படைத்துவிட்டது. அவை லண்டனின் கியூ பகுதியிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆர்ஜி 6 என்ற வரிசையில் உள்ளன. ஒப்படைக்கும் முன் சுருக்கப் பிரதி எடுத்துக்கொண்டார்கள். லண்டன் நண்பர்கள் இல்லத்தின் நூலகத்தில் அதைப் பார்க்கலாம்.

இந்த வேலையில் இறங்கும் எல்லாரும் முதலில் எடுப்பது ஹின்ஷாவின் ஆறு தொகுதிக் குவேக்கர் வம்சாவளிக் களஞ்சியம். வில்லியம் வேட் ஹின்ஷா நியூயார்க் மெட்ரோபாலிட்டன் ஆப்பராவில் பாடியவர். பாட்டை விட்டபின் கூட்டப் பதிவேடுகளைச் சுருக்கி எழுத ஆரம்பித்தார். முதல் தொகுதி 1936இல் வந்தது, வட கரோலினா. பிறகு ஃபிலடெல்ஃபியா, நியூயார்க், ஓஹையோ, வர்ஜீனியா. அதில் எல்லாமே சுருக்கெழுத்து. ஆர்.ஓ.சி.எஃப் என்றால் இன்ன கூட்டத்தின் சான்றிதழோடு வந்து சேர்ந்தார். ஜி.சி.டி என்றால் இன்ன கூட்டத்துக்குப் போகச் சான்றிதழ் தரப்பட்டது. எம்.ஓ.யு, எம்.சி.டி இரண்டும் சபை ஒழுங்குக்கு மாறாகக் கல்யாணம் செய்தவர். நாலைந்து சுருக்கங்கள் பழகினால் ஒரு குடும்பத்தின் நாற்பது வருடக் கதையை அரைப்பக்கத்தில் படித்துவிடலாம். ஆனாலும் அது சுருக்கமே. சுவையெல்லாம் மூலக் குறிப்பில்தான்.

இன்னொன்று. 1827, 28இல் அமெரிக்க நண்பர்கள் ஹிக்ஸைட், ஆர்த்தடாக்ஸ் என்று இரண்டாக உடைந்தார்கள். ஒரே ஊரில் ஒரே பெயரில் இரண்டு மாதக் கூட்டங்கள், இரண்டு பதிவேடுகள். ஒரு தரப்பு மறுதரப்பாரை ஒதுக்கிவைத்ததாக எழுதும். 1828இல் உங்கள் ஆள் ஒதுக்கப்பட்டிருந்தால் குடித்தாரா, கடன்பட்டாரா என்று பதற வேண்டாம். பெரும்பாலும் மற்றத் தரப்போடு போயிருப்பார். ஃபிலடெல்ஃபியாவில் இருதரப்பும் மறுபடி சேர 1955 ஆனது. ஹேவர்ஃபோர்ட் ஆர்த்தடாக்ஸ் வழி வந்த கல்லூரி, ஸ்வார்த்மோர் ஹிக்ஸைட் வழி வந்தது. எந்தப் பக்கம் என்று தெரிந்தால் எந்தக் கதவைத் தட்டுவது என்பதும் தெரியும்.

நடவடிக்கைக் குறிப்பை வரி வரியாகப் படிப்பது

ஊர் மாறிய நண்பர் பழைய கூட்டத்திலிருந்து ஒரு சான்றிதழ் வாங்கி வந்து புதிய கூட்டத்தில் காட்டவேண்டும். நல்லொழுக்கம் உடையவர், கடன் பாக்கி இல்லை, கல்யாணம் ஆகாதவர் என்றால் யாருக்கும் வாக்குக் கொடுத்திருக்கவில்லை என்றெல்லாம் அதில் இருக்கும். குவினெட் மாதக் கூட்டத்தின் 1717, 10ஆம் மாதம் 31ஆம் நாள் குறிப்பில், ஸ்குவயரின் தந்தை ஜார்ஜ் பூன் சான்றிதழ் ஒன்றைக் காட்டியதாக ஒரு வரி வருகிறது. அதைக் கொடுத்தது இங்கிலாந்தில் கலம்ப்டன் மாதக் கூட்டம். அந்த ஒற்றை வரி நம்மைக் கடலைத் தாண்டி டெவன் மாவட்டத்தின் ஒரு குறிப்பிட்ட ஊரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. கப்பல் பயணிகள் பட்டியல் எதுவும் அந்தக் காலத்துக்கு இப்படி உதவாது.

கல்யாணம் என்றால் ஆணும் பெண்ணும் இரண்டு மாதக் கூட்டங்களில் அடுத்தடுத்து எழுந்து தங்கள் விருப்பத்தைச் சொல்லவேண்டும். வேறு வாக்குறுதி ஏதாவது இருக்கிறதா என்று விசாரிக்க இரண்டு பேரை நியமிப்பார்கள். விதவை மறுமணம் என்றால் முதல் கணவரின் பிள்ளைகளுக்குச் சொத்துப் பங்கு பத்திரமாக இருக்கிறதா என்றும் பார்ப்பார்கள். சொத்தும் பிள்ளைகளும் தெரியவரும் இடம் இது. மூன்றாவது மாதம் கல்யாணம் ஒழுங்காக நடந்தது என்று அறிக்கை வரும். மணச் சான்றிதழ் தொலைந்துபோயிருந்தாலும் இரண்டாவது கூட்டத்துக்கும் அறிக்கைக்கும் இடைப்பட்ட சில வாரங்களில் கல்யாணம் நடந்தது என்று துணிந்து எழுதலாம்.

மணச் சான்றிதழ் கிடைத்துவிட்டால் அது பொக்கிஷம். வந்திருந்த அத்தனை பேரும் சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். வலதுபுறத்தில் மணமக்களின் கையெழுத்துக்குக் கீழே வரும் பத்தியில் பெரும்பாலும் நெருங்கிய சொந்தங்கள். மணப்பெண் அன்றே கணவர் குடும்பப் பெயரில் கையெழுத்திடுவாள். அந்த வரிசையை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அத்தை, மாமா, கல்யாணமாகிப் போன அக்கா எல்லாரும் அதில் இருப்பார்கள், புதுக் குடும்பப் பெயர்களோடு.

பெண்களுக்குத் தனிக் கூட்டம், தனிக் குறிப்பேடு. ஆண்கள் குறிப்பை மட்டும் பார்த்துவிட்டு முடித்துக்கொள்கிறவர்கள் பாதியைத் தவறவிடுகிறார்கள்.

பிறப்புப் பதிவில் ஒரு எச்சரிக்கை. குடும்பம் ஓர் ஊருக்கு வந்தபின் எல்லாப் பிள்ளைகளின் பிறந்த நாளையும் ஒரே மூச்சில் எழுதிவைக்கும் வழக்கம் உண்டு. ஒரே மையில், ஒரே கையில் ஏழு பிள்ளைகள் இருந்தால் அவர்கள் அந்த ஊரில் பிறந்தவர்கள் என்று முடிவு கட்டாதீர்கள்.

தப்புச் செய்தவரே தடயம் விட்டவர்

ஒழுங்காக வாழ்ந்த நண்பரைப் பற்றிக் குறிப்பேட்டில் நாலைந்து வரிதான் இருக்கும். வேறு சபையில் பெண் எடுத்தவர், கடனைத் திருப்பாதவர், குடித்தவர், போருக்குப் போனவர் இவர்களைப் பற்றிப் பக்கம் பக்கமாக உண்டு. இரண்டு பேர் போய்ப் பேசினார்கள், அவர் ஒப்புக்கொள்ளவில்லை, அடுத்த மாதம் மறுபடி போனார்கள் என்று நீளும். கடைசியில் ஒதுக்கிவைத்ததாக ஒரு தாள் வாசிக்கப்படும். நம் ஊரில் ஊரை விட்டு ஒதுக்கிவைப்பது போன்ற கொடுமை இதில் இல்லை: அவர் வழிபாட்டுக்கு வரலாம், உட்காரலாம். உறுப்பினர் உரிமை மட்டும் போய்விடும். தவறை எழுத்தில் ஒப்புக்கொண்டால் திரும்பச் சேர்ப்பார்கள்.

பூன் வீட்டில் இதுவே நடந்தது. 1742இல் மூத்த மகள் சாரா, நண்பர் அல்லாத ஒருவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஸ்குவயர் கூட்டத்தின் முன் தவறை ஒப்புக்கொண்டார். 1747இல் மகன் இஸ்ரேலும் அதையே செய்தான். இந்த முறை தகப்பன் பணியவில்லை. 1748இல் எக்ஸிட்டர் கூட்டம் ஸ்குவயரை ஒதுக்கிவைத்தது. 1750இல் குடும்பம் வட கரோலினா பக்கம் கிளம்பிவிட்டது.

அதன் பிறகு ஸ்குவயரைக் கூட்டப் பதிவேட்டில் தேடினால் மௌனம். பலர் இந்த இடத்தில் கையை விரித்துவிடுகிறார்கள். இங்கேதான் நிலம் பேச ஆரம்பிக்கும்.

பத்திரங்களைத் துரத்துவது

பென்சில்வேனியாவில், அந்தக் குடியேற்றத்தை நிறுவிய வில்லியம் பென்னின் நிலம் கைமாறியது படிப்படியாக. முதலில் விண்ணப்பம், அப்புறம் அளக்கச் சொல்லும் வாரண்ட், அளந்த சர்வே, கடைசியில் முழு உரிமை தரும் பேட்டன்ட். இந்த அரசுத் தாள்கள் ஹாரிஸ்பர்க்கில் மாநில ஆவணக் காப்பகத்தில். ஒருவர் மற்றொருவருக்கு விற்ற பத்திரங்கள் கவுண்டி (நம் மாவட்டம் மாதிரி) அலுவலகத்தில். எழுதிக் கொடுத்தவர் பெயரில் ஒரு சொல்லடைவு, எழுதி வாங்கியவர் பெயரில் ஒன்று, இரண்டையும் பாருங்கள்.

எந்தக் கவுண்டி என்பதில் கூட்டத்துக்குச் சொன்ன அதே பாடம். ஸ்குவயர் 1730இல் வாங்கிய 250 ஏக்கர் இன்று பெர்க்ஸ் கவுண்டியில் இருக்கிறது, அந்த இடம் அருங்காட்சியகமாகக் கூட இருக்கிறது. ஆனால் பெர்க்ஸ் உருவானது 1752இல். அதற்கு முன் அது ஃபிலடெல்ஃபியா கவுண்டி. பெர்க்ஸில் போய்த் தேடிப் பயனில்லை. வட கரோலினாவிலும் அதே கதை. குடும்பம் குடியேறிய இடம் இன்று டேவி கவுண்டி, அது 1836இல் பிறந்தது. பழைய பத்திரங்கள் தாய்க் கவுண்டியான ரோவனில், ஸாலிஸ்பரி நகரில்.

பத்திரத்தை நம் பத்திரம்போலவே படிக்கலாம். நான்கெல்லையைப் பாருங்கள். 'அங்கிருந்து இன்னார் நிலத்தை ஒட்டி 120 பெர்ச்' என்று போகும். ஒரு பெர்ச் 16.5 அடி, 160 சதுர பெர்ச் ஒரு ஏக்கர். பக்கத்து நிலக்காரர் பெயர்கள்தான் முக்கியம்: மைத்துனரும் சம்பந்தியும் அடுத்தடுத்து நிலம் வாங்கிய காலம். கிராஃப் தாளில் கோடு போட்டு ஒட்டிப் பார்த்தபோது, கல்யாணச் சான்றிதழில் கையெழுத்திட்ட ஆறு பேரில் நான்கு பேர் சம்பந்தி வீட்டு முன்னோரின் வேலியை ஒட்டியே இருந்தார்கள். பென்சில்வேனியா சர்வேயில் சாலைக்காக நூற்றுக்கு 6 ஏக்கர் கூடுதலாகக் கொடுப்பார்கள். பரப்பு கொஞ்சம் இடித்தால் அளந்தவரைத் திட்டுமுன் இதைக் கழித்துப் பாருங்கள்.

பத்திரமே ஒருவர் நண்பரா என்று காட்டிக்கொடுக்கவும் செய்யும். நண்பர்கள் சத்தியம் செய்ய மாட்டார்கள், உறுதிமொழி மட்டும் சொல்வார்கள். உயிலிலும் பத்திரத்திலும் சாட்சி 'உறுதி கூறினார்' என்று இருந்து, தேதியும் எண்ணாக இருந்தால் காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். ஆனால் மென்னோனைட்டுகள் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினரும் சத்தியம் செய்யாதவர்கள், எனவே இது ஒன்றை மட்டும் வைத்துத் தீர்ப்பு எழுத வேண்டாம். விற்கும்போது மனைவி தன் பங்கை விட்டுக்கொடுத்துக் கையெழுத்திடுவதும் உண்டு. பெண்ணின் பெயர் வேறெங்கும் கிடைக்காதபோது அங்கே கிடைக்கும். கூட்டம் கூடும் வீட்டு நிலம் தனியாட்கள் சிலர் பெயரில் இருந்தால் அவர்கள் அறங்காவலர்கள், வாங்கி விற்கும் வியாபாரிகள் இல்லை.

1800க்குப் பிறகு தெற்கிலிருந்து நண்பர்கள் கூட்டம் கூட்டமாக ஓஹையோவுக்கும் இண்டியானாவுக்கும் கிளம்பினார்கள். அடிமை முறை 1787ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடுக்கப்பட்ட நிலம் அது. ஓஹையோவில் வேன்ஸ்வில்லின் மயாமி மாதக் கூட்டம் 1803இல் தொடங்கியது. கரோலினாக் குறிப்புகளில் மயாமிக்குச் சான்றிதழ் என்று கண்டால் திடுக்கிடாதீர்கள், ஃப்ளோரிடாவுக்குப் போகவில்லை. இந்தப் பகுதிகளில் கூட்டாட்சி அரசு விற்ற நிலத்தின் பேட்டன்டுகளை அரசு நிலத்துறையின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். நிலம் வாங்கியது ஒரு வருடமும் சான்றிதழ் வந்து சேர்ந்தது மறுவருடமுமாக இருந்தால் குழம்ப வேண்டாம்.

கல்லறைக்குக் கடைசியாகப் போங்கள்

எல்லாரும் முதலில் ஓடுவது கல்லறைத் தோட்டத்துக்கு. குவேக்கர் விஷயத்தில் அது வீண் அலைச்சல். இறந்தபின் ஒருவரை மற்றவரைவிட உயர்த்திக் காட்டக்கூடாது என்று கல் வைப்பதையே எதிர்த்தார்கள். 1717இல் லண்டன் ஆண்டுக் கூட்டம் வைத்த கற்களையும் எடுத்துவிடச் சொன்னது. 1850இல்தான் ஒரே அளவில் எளிமையான கல்லுக்கு அங்கே அனுமதி. பல இடங்களில் குடும்பவாரியாக இல்லாமல் இறந்த வரிசையிலேயே புதைத்தார்கள். பக்கத்தில் கிடப்பவர் மனைவி என்று நினைக்காதீர்கள், அந்த மாதம் இறந்த வேறு யாரோ.

ஜார்ஜ் பூன் 1744இல் இறந்தபோது 8 பிள்ளைகள், 52 பேரப்பிள்ளைகள், 10 கொள்ளுப்பேரப்பிள்ளைகள், ஆக 70 பேர் இருந்தார்கள், பைபிளில் எகிப்துக்குப் போன யாக்கோபின் வீட்டாரைப் போல, என்று குடும்பத்தில் எழுதிவைத்தார்கள். அப்பேர்ப்பட்டவருக்கு எக்ஸிட்டர் கூட்டத்துக் கல்லறைத் தோட்டத்தில் பெயர் சொல்லும் கல் இல்லை. இணையத்தில் அவர் பெயரில் பக்கம் இருக்கலாம். பக்கம் இருப்பதாலேயே கல் இருக்கிறது என்றாகிவிடாது.

ஆகவே அடக்கப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு போங்கள். கல் இருந்தால் கணுக்கால் உயரம்தான் இருக்கும். பாசி மூடிய இரண்டு எழுத்தும் ஒரு வருடமும். சுண்ணாம்பு, கம்பித் தூரிகை வேண்டாம், கல் போய்விடும். காலை எட்டு மணிச் சாய்வெயிலில் ஒரு கண்ணாடியால் ஒளியைப் பக்கவாட்டில் திருப்பிப் படம் எடுங்கள். 'இத்தனையாவது வயதில்' என்று எழுதியிருந்தால் ஒன்றைக் கழியுங்கள்.

ஸ்குவயரின் கல் இருக்கிறது. வட கரோலினாவில் மாக்ஸ்வில் அருகே ஜாப்பா கல்லறைத் தோட்டத்தில், சாராவின் கல்லுக்குப் பக்கத்தில். அறுபத்தொன்பதாவது வயதில், 1765ஆம் ஆண்டு இறந்தார் என்று செதுக்கியிருக்கிறது. அப்படியென்றால் முடிந்த வயது 68. செதுக்கியவருக்கு எழுத்துக்கூட்டல் வராது. ஜனவரி 2 என்பதை 'ஜெனியரி 2' என்பதுபோல வெட்டியிருக்கிறார். குவினெட்டில் எண்ணால் எழுதிய கல்யாணத் தேதியைப் பார்த்துவிட்டு இந்தக் கல்லைப் பாருங்கள்: மாதத்தைப் பெயர் சொல்லி வெட்டியிருக்கிறார்கள்.